மருந்தைத் தொடாத ஆள்

சிவகாசிப் பக்கம் வந்து யாரிடமாவது மருந்து என்று சொன்னால், கேட்பவர் பட்டாசு மருந்தைத்தான் நினைப்பார். மருந்து ரூம் என்றால் வெடிக்கு வேண்டிய ரசாயனங்களைக் கலக்கிற அறை. மருந்துக்காரர் என்றால் அங்கே நின்று கலக்கிறவர். காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் போடுவதற்கு மாத்திரை, ஊசி என்று தனிப் பெயர் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த ஒரு சொல் பாக்கியவதியைப் படுத்திய பாட்டை அருகில் இருந்து பார்த்திருந்தால் அவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்காது.

பாக்கியவதி நர்ஸ். சர்க்கார் வேலையில் இருந்து ஓய்வு பெற்று, கால் வலிக்கிறது என்று வீட்டில் உட்காராமல் இன்னொரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டவர். விஸ்வநத்தத்துக்கு வெளியே ராஜபாண்டியன் முதலாளியின் பட்டாசுக் கம்பெனி வாசலில், வேப்பமரத்தடியில் ஒரு மடக்கு மேசையும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டு உட்கார்ந்திருப்பார். வேலைக்குப் போகிற ஆட்கள் உள்ளே நுழையுமுன் அவர்களோடு குடியைப் பற்றிப் பேசுவார். விட வேண்டும் என்று வருகிறவர்களுக்கு மாத்திரை கொடுப்பார், வாரா வாரம் பார்ப்பார், வராதவர்களை வீடு தேடிப் போய்ப் பிடிப்பார். சிஸ்டரம்மா மேசை என்றால் அந்த வட்டாரத்தில் தெரியாதவர் இல்லை.

பிறந்தது சாட்சியாபுரத்தில். வாழ்க்கைப்பட்டது விருதுநகரில், தேவாசீர்வாதம் என்ற கணக்கு வாத்தியாருக்கு. வாத்தியார் தங்கமான மனிதர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்கு வருவார், யாரையும் ஒரு சுடுசொல் சொல்ல மாட்டார். ஆனால் சாயங்காலம் ஆனால் குடிப்பார். பிறகு மத்தியானமும் குடித்தார். கடைசியில் காலையில் எழுந்து சாக்பீஸைப் பிடிப்பதற்கே குடிக்க வேண்டியதாயிற்று. ஜெபம், சத்தியம், சண்டை எல்லாம் பார்த்தாயிற்று. ஈரல் கெட்டு அவர் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் பள்ளிக்கூடம்கூட முடிக்கவில்லை.

அவர் போன பிறகுதான் ஒரு விஷயம் பாக்கியவதிக்குத் தெரிந்தது. குடியை விடவைக்க மாத்திரை இருந்திருக்கிறது. பெரிய நகரங்களின் பெரிய ஆஸ்பத்திரிகளில் அதைக் கொடுத்து, பேசி, ஆட்களைத் தேற்றி அனுப்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். பாக்கியவதி இருபது வருஷமாக வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் அலமாரிக்கு மட்டும் அது வந்து சேரவில்லை. இதை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் கோபம் வரும். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாததால் அது இன்னும் கூடும்.

அந்தக் கோபம்தான் அவரை டாக்டர் சாம்சுந்தரோடு சேர்த்துவிட்டது. மதுரை டாக்டர். மனநல வைத்தியம். "புதுசா எதையும் கண்டுபிடிக்கப் போறதில்லை சிஸ்டர். ஏற்கெனவே கண்டுபிடிச்சதை இந்த ஊர் வரைக்கும் எப்படிக் கொண்டுவந்து சேர்க்கிறதுன்னுதான் ஆராய்ச்சி" என்றார். பாக்கியவதி அன்றே சம்மதித்துவிட்டார். பணம் கொடுக்கிறவர்கள்தான் சம்மதிக்கவில்லை. புது மாத்திரை செய்கிறேன் என்றால் பையைத் திறக்கிற ஆட்கள், இருக்கிற மாத்திரையைக் கம்பெனி வாசலில் கொடுத்துப் பார்க்கிறேன் என்றதும் டாக்டரை ஏற இறங்கப் பார்த்தார்கள். இதில் என்ன ஆராய்ச்சி என்று கேட்டார்கள். கடைசியில் சென்னையில் ஓர் அறக்கட்டளை மனசு வைத்தது. அதனால் வந்ததுதான் அந்த மேசையும் நாற்காலியும். கொடுத்த தவணை அந்த வருஷத் தீபாவளியோடு முடிகிறது. மறுபடி கொடுத்தால் வெம்பக்கோட்டை, ஆலங்குளம் வரை மேசை போகும். கொடுக்காவிட்டால் இருக்கிற மேசையையும் மடக்கி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மேசைக்கு ஆள் வந்தது மாத்திரைக்காக மட்டும் அல்ல. பாக்கியவதியின் வாக்குக்காக. குடிக்கிற ஆள் என்று தெரிந்தால் மருந்து ரூமில் சேர்க்க மாட்டார்கள். ஒரு கம்பெனியில் பேர் கெட்டால் மற்ற கம்பெனியிலும் கேட்டை மூடிவிடுவார்கள். குடிக்காதவர் எத்தனை பேர் என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் யாரும் வாய் திறப்பதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஒருவன் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் பாக்கியவதி சொல்கிற முதல் பேச்சு இது: "இங்கன பேசுறது இங்கனயே இருக்கும். முதலாளிக்கும் போகாது, போர்மேனுக்கும் போகாது."

டாக்டர் சொல்லிக்கொடுத்த பேச்சில் இதற்குப் பின்னால் இன்னும் ஒரு வரி உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் சொல்ல வேண்டி வரும் என்று. ஆரம்பத்தில் பாக்கியவதி அதையும் சேர்த்துத்தான் சொன்னார். அந்த வரியைக் கேட்டதும் உட்கார்ந்தவன் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு போய்விடுவான். நாலைந்து பேர் அப்படிப் போன பிறகு, பாக்கியவதி அந்த வரியை விட்டுவிட்டார். டாக்டரிடம் அதைச் சொல்லவும் இல்லை.

செல்லப்பாண்டி மருந்துக்காரர். நாற்பதைத் தாண்டாத ஆள், சல்லடை பிடித்தால் ஒரு பொட்டு சிந்தாது என்று பேர் வாங்கியவர். குடியை விட வேண்டும் என்று தானாகவே வந்தார். பாக்கியவதிக்குச் சந்தோஷம் பாதி, பயம் பாதி. பல காலம் குடித்த உடம்பு திடீரென்று குடியை நிறுத்தினால் கை உதறும், கண்ணுக்கு இல்லாதது தெரியும், சிலருக்கு வலிப்பே வந்துவிடும். அதை அடக்கத்தான் முதல் கட்ட மாத்திரை. அது அடங்கும்வரை அந்தக் கை மருந்து ரூம் பக்கமே போகக் கூடாது. இதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். அலுமினியப் பொடி பட்டுக் கை அரிக்கிறது என்று சொல்லி மருந்துக்காரர்கள் பேக்கிங்குக்கு மாறுவது வழக்கம்தான். செல்லப்பாண்டியும் அரிப்பு என்று சொல்லிப் பேக்கிங்கில் போய் உட்கார்ந்தார். மாத்திரையை அவருடைய மனைவி வேலுத்தாயின் கையில் கொடுத்து, காலையும் ராத்திரியும் போடச் சொல்லியிருந்தார் பாக்கியவதி.

சீசன் நேரம். ஆர்டர் குவிந்து கிடந்தது, லோடு ஏற்ற லாரிகள் வரிசையில் நின்றன. போர்மேன் அய்யாதுரை எந்த நேரத்தில் செல்லப்பாண்டியைத் திரும்ப மருந்து ரூமுக்கு இழுத்துக்கொள்வாரோ என்பதுதான் பாக்கியவதியின் கவலை. வேறு எதுவும் அவர் மனசில் ஓடவில்லை. அந்த நேரம் பார்த்து வேலுத்தாய் போன் செய்தாள்.

"சிஸ்டரம்மா, அவரு ரெண்டு நாளா மருந்தைத் தொடவேயில்ல."

பாக்கியவதிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. "ரொம்ப நல்லது தாயி. அப்படியே இருக்கட்டும். தொட விடாத."

"தொட வேணாங்கீகளா?"

"ஆமா. நான் சொல்றவரைக்கும் வேணாம்."

"சரி சிஸ்டரம்மா. நீங்க சொன்னாச் சரிதான்."

மறுநாள் காலையில் பர்ஹத் வந்தாள். அறக்கட்டளைப் பணத்தை எதற்குக் கொடுப்பது, எதற்கு நிறுத்துவது என்று பார்த்து எழுதுகிற அதிகாரி. விருதுநகரில் பருப்பு வியாபாரம் செய்கிற குடும்பத்துப் பெண்தான், படித்துச் சென்னைக்குப் போனவள். அதனால் இவளுக்கு எதையும் பூசி மெழுகிக் காட்ட முடியாது என்று பாக்கியவதி முதல் பார்வையிலேயே கண்டுகொண்டார். ராஜபாண்டியன் முதலாளி இளநீர் வெட்டச் சொல்லி அமர்க்களப்படுத்தினார். பர்ஹத் அதை மரியாதைக்கு ஒரு வாய் குடித்துவிட்டு, மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். ஆட்கள் வந்தார்கள், பேசினார்கள், மாத்திரை வாங்கினார்கள். அவள் முகம் கொஞ்சம் இளகுவதைப் பாக்கியவதி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்.

அப்போதுதான் வேலுத்தாய் ரோட்டில் இருந்து ஓடிவந்தாள். கையில் தூக்குச்சட்டி. புருஷன் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போய்விட்டாராம்.

"சிஸ்டரம்மா, எனக்கென்னமோ பயமா இருக்கு. நீங்க மருந்தைத் தொட விடாதன்னீக, நானும் குடுக்கல. ராவெல்லாம் கையும் காலும் அப்படி ஒதறுது. சுவத்துல எறும்பு ஊருதுங்காரு. ஒரு எறும்பையும் காணோம்."

"எதைக் குடுக்கல?" என்றார் பாக்கியவதி.

"அதான், நீங்க குடுத்த மருந்து. போட்டாத் தூக்கம் தூக்கமா வருது, குடிதான் விட்டாச்சே, இது எதுக்குன்னு அவரு தள்ளி வச்சுட்டாரு. அதைத்தான ஒங்களுக்குப் போன் போட்டுச் சொன்னேன்!"

பாக்கியவதிக்கு அப்போதுதான் விளங்கியது. வேலுத்தாய் வெம்பக்கோட்டைப் பக்கம் மானாவாரி விவசாயம் பார்க்கிற வீட்டுப் பெண். பட்டாசுக் கம்பெனிக்குள் கால் வைத்தவள் இல்லை. அவளுக்கு மருந்து என்றால் நோய்க்குக் கொடுக்கிற மருந்துதான். சென்னையில் இருந்து வந்த பர்ஹத் அந்தப் போனை எடுத்திருந்தால்கூடச் சரியாகப் புரிந்துகொண்டிருப்பாள். இந்த மண்ணில் பிறந்து வளர்ந்த பாக்கியவதிக்குத்தான் அது பட்டாசு மருந்தாகக் காதில் விழுந்தது. மாத்திரை போடாத ஆளை, போட விடாதே என்று தன் வாயாலேயே சொல்லியிருக்கிறார்.

"இப்ப எங்க அவரு? பேக்கிங்லதான?"

"இல்ல சிஸ்டரம்மா. வெள்ளனவே கூப்பிட்டுட்டாக. கலவைக்கு ஆள் பத்தலையாம். மருந்து ரூமுக்குத்தான் போயிருக்காரு."

கேட்டில் இருந்து பார்த்தால் மருந்து ரூம் தெரியாது. தடுப்புச் சுவர்களுக்கு அப்பால், மற்ற அறைகளில் இருந்து தள்ளித் தனியாக இருக்கும். போன் உள்ளே போகாது. செல்லப்பாண்டியோடு அங்கே இன்னொருவர் நிற்பார், பலவேசம் என்று, மூன்று பெண்பிள்ளைகளைப் பெற்ற மனிதர். சல்லடை பிடித்த கை ஒரு உதறு உதறினால் போதும். வலிப்பு வந்து விழுந்தால் கேட்கவே வேண்டாம்.

அய்யாதுரை கேட் பக்கத்தில் முதலாளியோடு நின்றிருந்தார். பாக்கியவதி அவரிடம் போய், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டார்.

"அண்ணாச்சி, செல்லப்பாண்டியைக் கொஞ்சம் வெளிய கூப்பிடுங்க. அவருக்கு அரிப்பு இன்னும் சரியாகல."

"சீசன்ல அரிப்பாவது சொறியாவது, சிஸ்டரம்மா. கலவை பாதியில நிக்கி. சாயங்காலம் பார்ப்போம்."

"இல்ல அண்ணாச்சி, இப்பவே வரணும்."

"எதுக்கு? காலையில நான்தான் அவன் கையைப் பார்த்து உள்ள விட்டேன். ஒரு புண்ணும் இல்ல." அய்யாதுரையின் குரல் ஏறியது. "என்ன காரியம்னு சொல்லுங்க. சொன்னா நிப்பாட்டுதேன். சொல்லாம நிப்பாட்டச் சொன்னா எப்படி?"

கேட்டில் நுழையக் காத்திருந்த ஆட்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேர் பாக்கியவதியின் மேசையில் உட்கார்ந்து எழுந்தவர்கள். பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லாததை அவரிடம் சொன்னவர்கள். வாயைத் திறந்தால் அந்த மேசை அன்றோடு முடிந்தது என்று பாக்கியவதிக்குத் தெரியும். அந்தப் பக்கம் பர்ஹத் ஸ்டூலில் இருந்து எழுந்து நின்றாள். வேலுத்தாய், வேண்டாம் சிஸ்டரம்மா என்பது போலக் கையை ஆட்டினாள், பிறகு அந்தக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவரு குடியை விட்டிருக்காரு" என்றார் பாக்கியவதி. எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் வந்தது குரல். "என்கிட்டதான் வைத்தியம். மாத்திரை போடல. கை ஒதறுது, இல்லாதது கண்ணுக்குத் தெரியுது. எப்ப வேணும்னாலும் வலிப்பு வரும். போதுமா? போய்க் கூட்டிட்டு வாங்க!"

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. அய்யாதுரை உடனே திரும்பி நடந்தார். ஓடவில்லை. கம்பெனிக்குள் யாரும் ஓடக் கூடாது. தீப்பிடித்தால் தவிர அங்கே ஓடுகிற வழக்கம் இல்லை, ஒருவன் ஓடினால் நாலு அறையில் இருப்பவர்களும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். உரசிப் பொறி கிளம்பிவிடக் கூடாது என்று பாக்கியவதியும் செருப்பைக் கழற்றிப் போட்டு, வளையலையும் கழுத்துச் சங்கிலியையும் வேலுத்தாயின் கையில் திணித்துவிட்டு, அவர் பின்னால் நடந்தார். ஓடாமல் நடப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. கர்த்தாவே, கர்த்தாவே என்று வாய் முணுமுணுத்தது. அதற்கு மேல் ஜெபத்தில் ஒரு வரியும் ஓடவில்லை.

உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் இறங்குவதற்காக அறை வாசலில் பதித்திருந்த செம்புத் தகட்டை அய்யாதுரை தொட்டார், பாக்கியவதியும் தொட்டார். உள்ளே செல்லப்பாண்டி குந்தி உட்கார்ந்திருந்தார், இரண்டு கையிலும் சல்லடை. அதில் மருந்து பாதிக்கு மேல். பலவேசம் சுவரோடு ஒட்டி நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். செல்லப்பாண்டி சலிக்கவில்லை. கை தானாகவே ஆடியது. வேர்வை மூக்கு நுனியில் இருந்து சொட்டியது. பார்வை சல்லடையில் இல்லை, தரையில் எதையோ பின்தொடர்ந்து போனது.

"ஏலே செல்லப்பாண்டி" என்றார் அய்யாதுரை, தூங்குகிற பிள்ளையை எழுப்புகிற குரலில். "போதும்லே. கீள வையி."

"வைக்க முடியல அண்ணாச்சி" என்றார் செல்லப்பாண்டி. "கை கேக்க மாட்டேங்கி. தரையெல்லாம் ஊருது பாருங்க."

அய்யாதுரை ஒரு அடி முன்னால் வைத்தார். அதற்குள் பலவேசம் சுவரை விட்டு மெதுவாக வந்து எதிரில் குந்தி, சல்லடைக்கு அடியில் தன் இரண்டு கையையும் கொடுத்தார். "விடு மாப்ள, நான் பிடிச்சுக்கிட்டேன்." செல்லப்பாண்டியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. பாக்கியவதிதான் பிரித்தார். பலவேசம் சல்லடையை வாங்கி மெதுவாகத் தரையில் வைத்தார்.

வெளியே அவரை நடத்திக்கொண்டு வந்தார்கள். கேட்டைத் தாண்டி வேப்பமரத்தடிக்கு வந்ததும் செல்லப்பாண்டியின் உடம்பு விறைத்தது. அப்படியே சாய்ந்து, மேசையைத் தட்டிவிட்டு விழுந்தார். பாக்கியவதி அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குத் தன் முந்தானையைச் சுருட்டிக் கொடுத்தார். வெட்டி வெட்டி இழுத்தது. சாவியைக் கொடு, இரும்பைக் கொடு என்று கத்திய ஆட்களை எல்லாம் தள்ளிப் போகச் சொல்லித் திட்டினார். இன்னும் கொஞ்ச நேரம் தாமதித்திருந்தால் அந்த உடம்பு எங்கே விழுந்திருக்கும் என்று அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரிந்தது. பலவேசம் ரோட்டோரமாகப் போய் வாந்தி எடுத்தார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் செல்லப்பாண்டி ஊசியின் மயக்கத்தில் தூங்கினார். உயிருக்குப் பயமில்லை என்று சொல்லிவிட்டார்கள். வேலுத்தாய் வளையலையும் சங்கிலியையும் முந்தானை முடிச்சில் இருந்து அவிழ்த்துப் பாக்கியவதியிடம் கொடுத்தாள்.

"உசுரைக் காப்பாத்துனீக, இல்லேங்கல. ஆனா அம்புட்டுப் பேருக்கு முன்னால அவரு மானத்தை வாங்கிட்டீகளே, சிஸ்டரம்மா. இனி எந்தக் கம்பெனியில சேர்ப்பாக? யாருக்கும் தெரியாதுன்னு சொன்னதாலதான ஒங்ககிட்ட வந்தாரு?"

பாக்கியவதி அவற்றைப் போட்டுக்கொள்ளாமல் கையில் பிடித்தபடியே எழுந்தார். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் வெளியே நடந்தார்.

வராந்தாவில் பர்ஹத் காத்திருந்தாள். "சிஸ்டர், ஒண்ணு கேக்கணும். உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் வெளிய சொல்லுவோம்னு ஒரு வரி இருக்கே, அதை இவங்ககிட்டச் சொல்லியிருந்தீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யார் வந்து மறுக்கப் போகிறார்கள்? பாக்கியவதிக்கு அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. மேசை போய்விடும், டாக்டர் அலைந்த அலைச்சல் எல்லாம் போய்விடும்.

"இல்ல" என்றார். "சொன்னா எந்திரிச்சுப் போயிருதாகம்மா. அதனால விட்டுட்டேன். யாருக்குமே சொல்லல. டாக்டருக்கும் இது தெரியாது."

பர்ஹத் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "இன்னைக்கு நீங்க செஞ்சது தப்பில்லை. இத்தனை நாள் செஞ்சதுதான் தப்பு. சொல்லவே மாட்டோம்னு நம்பவச்சுட்டுச் சொல்லிட்டீங்க. இனிமே யார் வருவாங்க?"

"வர மாட்டாக" என்றார் பாக்கியவதி.

"மாத்திரை வேலை செய்யும்னு எங்களுக்கு யாரும் நிரூபிச்சுக் காட்ட வேண்டியதில்லை, சிஸ்டர். இந்த மாதிரி இடத்துல ஆள் வந்து உட்காருமான்னு பார்க்கத்தான் பணம் கொடுத்தோம். உட்காரலைன்னா அந்தப் பணத்தை வேற ஊருக்குக் கொடுக்கிறதுதான் நியாயம்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "நாளைக்குக் காலையிலயும் மேசை போடுங்க. நானும் வர்றேன். பார்த்துட்டு எழுதுறேன்."

மறுநாள் மேசையின் ஒரு கால் வளைந்திருந்தது, அடியில் கல்லை வைத்து நிறுத்தினார் பாக்கியவதி. பர்ஹத் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஆட்கள் வந்தார்கள். மேசைப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. வாரா வாரம் முதல் ஆளாக வந்து உட்காருகிறவர்கூட செல்போனைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டே கடந்து போனார். அந்தப் போன் அடிக்கவும் இல்லை, அவர் யாரையும் கூப்பிடவும் இல்லை என்பதைப் பாக்கியவதி பார்த்தார். சில பேர் ரோட்டின் அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய் உள்ளே நுழைந்தார்கள். அப்படிப் போகிற ஒவ்வொருவரிலும் அவருக்குத் தன் புருஷன்தான் தெரிந்தார். இவர்களில் எத்தனை பேர் இந்தத் தீபாவளிக்குள் பழையபடி குடிக்கத் திரும்புவார்கள்? இவர்களுடைய வீட்டுப் பெண்கள் யாரைப் போய்க் கேட்பார்கள்?

கூட்டம் ஓய்ந்தது. இன்னும் உள்ளே போகாமல் கேட் பக்கம் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். பர்ஹத் தன் பையை எடுத்துத் தோளில் போட்டாள். பாக்கியவதி மேசையை மடக்குவதற்காக அதன் மேலிருந்த மாத்திரைப் பெட்டியைத் தூக்கினார்.

"அதைக் கீள வையுங்க, சிஸ்டரம்மா."

அய்யாதுரை. கேட்டின் உள்ளே இருந்து வந்தார். வந்தவர் நிற்கவில்லை, நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கேட் பக்கம் நின்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். ஏதோ கேட்க வந்திருக்கிறார், முதலாளி மேசையை எடுக்கச் சொல்லிவிட்டார் போல என்றுதான் பாக்கியவதி நினைத்தார்.

"என்ன அண்ணாச்சி, முதலாளி ஏதும் சொன்னாகளா?"

"அவுக சொல்றது இருக்கட்டும்." அய்யாதுரை தன் இரண்டு கையையும் மேசைமேல் வைத்தார். "நேத்துக் காலையில செல்லப்பாண்டி கையை நான்தான் பார்த்தேன். தூக்கிப் பிடிச்சு, திருப்பிப் பார்த்து, உள்ள போன்னு விட்டேன். அந்தக் கை ஆடுனது எனக்குத் தெரியல. ராத்திரி பூரா யோசிச்சுப் பார்த்தேன், ஏன் தெரியலன்னு."

மேசைமேல் இருந்த கைகள் ஆடிக்கொண்டிருந்தன. கல் வைத்த மேசையும் சேர்ந்து மெல்ல ஆடியது.

"காலையில என் கையும் இப்படித்தான் ஆடும். ஆடுற கையால ஆடுற கையைப் பிடிச்சுப் பார்த்தா என்ன தெரியும், சிஸ்டரம்மா?"

அவர் குரலைத் தாழ்த்தவே இல்லை. கேட் பக்கம் நின்ற ஒவ்வொருவருக்கும் அது கேட்டிருக்கும். பர்ஹத் பையைத் தோளில் இருந்து இறக்கினாள்.

பாக்கியவதி மாத்திரைப் பெட்டியைத் திரும்ப மேசைமேல் வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எப்போதும் சொல்கிற முதல் பேச்சைத் தொடங்கினார். "இங்கன பேசுறது இங்கனயே இருக்கும் அண்ணாச்சி. முதலாளிக்குப் போகாது." அங்கே நிறுத்தினார். பிறகு, கேட் பக்கம் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி, விட்டுப்போன வரியைச் சொன்னார். "ஆனா ஒங்க உசுருக்கோ, அடுத்தவன் உசுருக்கோ ஆபத்துன்னா சொல்லிருவேன். யாரு இருந்தாலும் சொல்லிருவேன். அதுக்குச் சம்மதம்னா உக்காருங்க. இல்லேன்னா எந்திரிச்சுப் போயிருங்க."

"சொல்லுங்க" என்றார் அய்யாதுரை. "சொல்லுவீகன்னு தெரிஞ்சதாலதான வந்து உக்காந்திருக்கேன்."